ஸ்ரீரங்கத்தில் யாரும் வெறுங்காலில் நடப்பதில்லை

நடந்தவை, வரிசையாக:

1. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்தேன். என் பெட்டி துறையூருக்குப் போனது.
2. சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு கேள்வி கேட்டோம். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.
3. அந்தப் பதிலை வைத்து ஆய்வை மூடிவிடலாம் என்றார் என் பேராசிரியர். நானும் சரி என்றேன்.
4. கொதிக்கும் கல்தரையில் நான் துள்ளினேன். மைதிலி மாமி துள்ளவில்லை.
5. மாமி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.
6. பெருமாள் வீதிக்கு வந்தார்.

நான் ஈப்போவில் பிறந்தவள். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் எபிடெமியாலஜியில் ஆராய்ச்சி செய்கிறேன். ஒரு நோய் யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, அதே தெருவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை என்று பார்க்கும் படிப்பு. ஊரையே நோயாளியாக வைத்துப் பார்ப்பதால் தனியாக ஒருவரைத் தொட்டுப் பார்க்கும் வேலை எனக்கு அதுவரை வந்ததில்லை. திருச்சியில் ஒரு கல்லூரியோடு சேர்ந்து எங்கள் துறை ஒரு சிறிய ஆய்வு தொடங்கியிருந்தது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் புண் வருவதற்கும் செருப்புப் பழக்கத்துக்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி. அதை ஓட்டிப் பார்க்க என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் எந்தப் பிரிவில் நிலைக்கப் போகிறேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விமான நிலையத்திலேயே முதல் குளறுபடி. தங்குமிடம் வந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே தைல பாட்டில்கள், சாக்லேட் பவுடர் டின்கள், ஒரு குழந்தைக்கான சிவப்பு மழைக்கோட்டு. என்ன செய்வது என்று நிற்கும்போதே போன் வந்தது.

"தங்கச்சி, துறையூர்லேருந்து பேசறேன். உங்க பெட்டி எங்கிட்ட வந்துடுச்சுங்க. ஆமா, உள்ள ஒரே செருப்பா இருக்கே, கடை ஏதும் வைக்கப் போறீங்களா?"

அவை நோயாளிகளுக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்த மெத்தென்ற செருப்புகள். மறுநாள் அந்த அண்ணன் சத்திரம் பேருந்து நிலையத்துக்கே பெட்டியோடு வந்துவிட்டார். மாற்றிக்கொண்டோம். "எங்க வீட்டம்மாவுக்கும் சுகருதாங்க" என்று ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். கொடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒரு தைல பாட்டில் கொடுத்தார்.

நான் தங்கியது ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில், மைதிலி மாமியின் மாடி அறையில். மாமிக்கு அறுபதை நெருங்கும் வயது. மகன் பெங்களூரில் இருக்கிறார். கணவர் காலமான பிறகு மாடியை வாடகைக்கு விடுகிறார். முதல் நாள் காலை கீழே இறங்கி, எங்கள் ஊர் வழக்கப்படி, "மாமி, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். மாமி கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு."

"பசியாறியாச்சான்னு கேட்டேன் மாமி. காலைச் சாப்பாடு."

"அழகா இருக்கே! இங்கே டிபன் ஆச்சாம்பா. அவ்வளவுதான். பசியைப் பத்தி யாரும் விசாரிக்க மாட்டா."

அன்றிலிருந்து தினமும் அவர்தான் என்னை முந்திக்கொண்டு கேட்டார். ரசத்தை அவர் சாத்தமுது என்றார். நான் தப்பாக ரசம் என்று சொன்னால், தட்டில் விழுவது தாமதமாகும்.

கல்லூரிக்குப் போக ஒன்றாம் நம்பர் பஸ். காசை நீட்டினேன். நடத்துநர் வாங்கவில்லை.

"லேடீஸுக்கு ஃப்ரீங்க."

"நான் இந்த ஊர் இல்லைங்க. மலேசியா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லேடீஸ்தானே?" பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். காவிரிப் பாலத்தைப் பஸ் கடந்து முடிக்கும் வரை எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை. எங்கள் ஊரில் அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

துறையில் எனக்குத் துணை டாக்டர் ஜெசிந்தா. முதலில் மருத்துவம் படித்தவர், பிறகு எபிடெமியாலஜிக்கு வந்தவர், தென்னூர்க்காரர். நான் அக்கா என்று கூப்பிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தத் துறை எப்படிப்பட்டது என்று புரிந்தது. ஒரே மேசையில் நான்கு டிபன் பாக்ஸ்கள். ஒவ்வொன்றும் ஒரு பிரிவு. ஜெசிந்தா அக்கா தொற்றுநோய்ப் பிரிவு. எதிரில் மனோகர் சார், ஊட்டச்சத்துப் பிரிவு. ஜன்னலோரம் உட்காருகிறவர் வெயில், தூசி, தண்ணீர் பார்க்கும் சூழல் பிரிவு. கடைசியில், கையில் எப்போதும் மோர் பாட்டிலோடு, வருமானம், படிப்பு, தனிமை எல்லாம் நோயில் என்ன செய்கின்றன என்று பார்க்கும் சமூகப் பிரிவு அம்மா.

"கொள்ளிடத்துல தண்ணி நின்னா எனக்குக் கொசு தெரியும்" என்றார் ஜெசிந்தா அக்கா. "மனோகர் சாருக்கு அதே தண்ணியில நெல்லு தெரியும். நெல்லுல சோறு, சோத்துல சர்க்கரை."

"ஆமாங்க, நான் மட்டும்தான் இங்க ஒழுங்கா சாப்பிடறேன்" என்றார் மனோகர் சார், மூன்றாவது அப்பளத்தை எடுத்தபடி.

"சார், உங்க அப்பளத்தை முதல்ல ஆய்வுல சேருங்க" என்றார் மோர்க்கார அம்மா.

நான் எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். "அப்ப எல்லாத்துலயும் ஒரு வாய் எடுத்துக்கங்க" என்று நான்கு பக்கமிருந்தும் பொரியல் வந்தது.

ஆய்வின் முக்கியமான கேள்வியை ஜெசிந்தா அக்காவும் நானும் சேர்ந்து எழுதியிருந்தோம்: 'வீட்டுக்கு வெளியே வெறுங்காலில் நடப்பதுண்டா?' அதை முதல் நாள் மாலை மாமியிடம்தான் படித்துப் பார்த்தேன். மாமிக்கும் பல வருடங்களாகச் சர்க்கரை உண்டு.

"வெறுங்கால்லயா? நானா? தெரு முனைக்குப் போறதுன்னாகூடச் செருப்பு மாட்டிண்டுதான் போவேன். தெரு எப்படி இருக்கு பாத்தியோ?"

களத்திலும் அதுவேதான். உறையூரில் கேட்டாலும், ஸ்ரீரங்கத்தில் கேட்டாலும், மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்டாலும், "அதெல்லாம் இல்லைங்க" என்றுதான் சொன்னார்கள். சிலருக்குக் கோபமே வந்தது. எங்களைப் பார்த்தால் செருப்பு வாங்க வழியில்லாதவர்கள் மாதிரியா இருக்கிறது என்று ஒரு பெரியவர் கேட்டார்.

பேராசிரியரைப் போனில் அழைத்தேன். "எல்லோரும் செருப்புப் போடுகிறார்கள் என்றால் யாரை யாரோடு ஒப்பிடுவாய்? மூடிவிடு" என்றார். "டெங்கு பரவலைக் கணிக்கும் குழுவில் ஓர் இடத்தை உனக்காக வைத்திருக்கிறேன். கணக்கு உனக்கு நன்றாக வரும்." அதுவும் உண்மைதான். திரையில் வளைகோடுகள் ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். சரி என்றேன். மீதி நாட்களில் ஊர் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டேன்.

பட்டியலில் முதலில் இருந்தது கோவில். மாமி தினமும் போகிறவர். மாமா போனதிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை என்றார். அன்று வீட்டில் குழாய் ரிப்பேர், ஆள் வந்து போக நேரமாகிவிட்டது. நாங்கள் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சித்திரை மாத வெயில். கோபுர வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தோம்.

உள்ளே திறந்தவெளியில் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஜனங்கள் அதன் மேலேயே ஒற்றை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய குடும்பம் நின்று படம் எடுத்ததில் வரிசை தேங்கியது. மாமி பொறுமை இழந்து விரிப்பை விட்டு இறங்கி, கல்தரையில் நடந்தார். நானும் பின்னால் இறங்கினேன். மூன்றாவது அடியில் என்னை அறியாமல் துள்ளிவிட்டேன். அங்கிருந்து மண்டபத்து நிழல் வரை ஒரே ஓட்டம். பக்கத்தில் ஒரு சிறுமி என்னைப் பார்த்து, "அம்மா, அந்தக்கா டான்ஸ் ஆடறாங்க" என்றாள்.

நிழலில் நின்று திரும்பிப் பார்த்தேன். மாமி வெயிலில் வந்துகொண்டிருந்தார். கடையில் காய் பார்க்கிற மாதிரி, நிதானமாக.

"சுடலையா மாமி?"

"பழக்கம்தான். பெருமாள் சந்நிதியில என்ன சூடு? உனக்குத்தான் புதுசு."

எங்கள் ஊர்க் கோவிலிலும் செருப்பைக் கழற்றித்தான் போகிறோம். அங்கே பளிங்குத் தரை, மேலே கூரை. பழகினால் இந்தச் சூடு தெரியாதோ என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். அப்போது விரிப்பின் மேல் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். அவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். பழகியவர்கள்தான். ஒருவரும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியை ஊஞ்சலில் உட்கார வைத்தேன். என் பையில் ஆய்வுக்கான நைலான் இழை இருந்தது. ஒரு பிடியின் நுனியில் சிறிய மீன் முள் போல நிற்கும். பாதத்தில் வைத்து, அது லேசாக வளையும் வரை அழுத்த வேண்டும். உணர்ச்சி இருக்கிறவருக்குத் தெரியும்.

"கண்ணை மூடிக்குங்க மாமி. நான் தொடறப்போ சொல்லுங்க."

மாமி கண்களை மூடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பெருவிரலின் அடியில் தொட்டேன். நடுவிரல். சிறுவிரல். விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் மூன்று இடங்கள். இழை ஒவ்வொரு முறையும் வளைந்தது. மாமியின் முகம் அப்படியே இருந்தது.

சற்று நேரம் கழித்து மாமி சொன்னார்: "என்னடி குழந்தே, இன்னும் ஆரம்பிக்கலையா?"

இடது பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம். அன்றையது இல்லை; ஏற்கெனவே உடைந்து, ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. நான் காட்டிய போன் படத்தை மாமி வெகு நேரம் பார்த்தார்.

"இது என் காலா?"

"ஆமா மாமி."

"எங்கண்ணாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றார். கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில் அவர் அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன்.

ஜெசிந்தா அக்காவுக்குப் போன் செய்தேன். அவரே வந்து ஆட்டோவில் ஏற்றி, தென்னூரில் தனக்குத் தெரிந்த பாத மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் சுத்தம் செய்து, எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்குப் போகவில்லை என்றார். "இப்பவே வந்தீங்க. இன்னும் கொஞ்சம் நாள் விட்டிருந்தா நான் விரலைப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பேன்" என்றார். புண் ஆறும் வரை அந்தப் பாதத்தில் பாரம் விழக் கூடாது. வெறுங்காலில் ஓர் அடி கூடக் கூடாது.

"கோவிலுக்கு?" என்றார் மாமி.

"கூடாதும்மா."

திரும்பும் வழியெல்லாம் மாமி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. காபி மேசையில் இருக்கும், 'பசியாறியாச்சா' இருக்காது. என்மேல் கோபமா, காலின் மேலா, என்னவென்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. எது எப்படியானாலும், தினமும் கோவிலுக்குப் போகிற ஒருவரை நிறுத்தியது நான்தான். அவர் மறுபடி போய்விட்டால் விரல் போகும். போகாவிட்டால் என்ன போகும் என்று அளக்க என்னிடம் இழை எதுவும் இல்லை.

துறையில் மதியச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவரும் அவரவர் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் நரம்பு கெட்டதுதான் மூலம் என்றார் மனோகர் சார். தரையின் சூட்டை அளக்க வேண்டும் என்றார் சூழல்காரர். கிருமி உள்ளே இறங்குவதுதான் காலை எடுக்க வைக்கிறது என்றார் ஜெசிந்தா அக்கா. மோர்க்கார அம்மா மட்டும் மெதுவாக, "உள்ளங்காலைத் தானே பாத்துக்க முடியாது. பாத்துச் சொல்ல வீட்டுல இன்னொரு ஆள் வேணும். அவங்க தனியா இருக்காங்க" என்றார்.

எல்லாமே சரி. எந்த ஒன்றும் மற்றொன்றைத் தள்ளவில்லை.

"நீ என்ன சொல்றே, புனிதா?" என்றார் அக்கா.

எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. மறுநாள் விடிகாலையில் தெரிந்தது. கீழே கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். மாமி குளித்து, புடவை மாற்றி, வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். நான் கொடுத்த மெத்தென்ற செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது.

"போகலை. பயப்படாதே" என்றார். "செருப்புப் போட்டுண்டு போகலாம்னு பாத்தேன். ஆனா கோபுர வாசல்ல கழட்டணும். கழட்டினா வெறுங்கால்." என்னைப் பார்த்தார். "நீ அன்னிக்குக் கேட்டியே, வெறுங்கால்ல நடப்பேளான்னு. இல்லேன்னேன். பொய் சொல்லலைடி. கோவிலுக்குப் போறதை நான் அப்படி நினைச்சதே இல்லை. அது நடக்கறதுல சேத்தியா?"

மாமி கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே வைத்தேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். கேள்வியை எழுதிய நாங்கள் இருவருமே, எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்போம். ஜெசிந்தா அக்கா வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் செருப்பில்லாமல் நடந்து போகிறவர். நான் தைப்பூசத்துக்கு வெறுங்காலில் பத்துமலை முருகன் கோவில் படி ஏறியவள். எங்களுக்கும் அது கணக்கில் வரவில்லை.

அன்றே கேள்வியை மாற்றினோம். வெறுங்கால் என்ற சொல்லை எடுத்துவிட்டோம். கோவிலுக்கு, தர்காவுக்கு, மாதா கோவிலுக்கு எப்போது போவீர்கள், எந்த நேரம், செருப்பை எங்கே விடுவீர்கள், தரை எப்படி இருக்கும் என்று கேட்டோம். முன்பு கோபித்த பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். பலருடைய பாதங்களை அன்று முதல்முறையாகப் பார்த்தோம்.

மலைக்கோட்டைக்குக் கீழே சந்து சந்தாக நடந்து ஒரு கண்ணாடி வாங்கினேன். கைப்பிடி இல்லாத, தரையில் படுக்க வைக்கிற மாதிரி.

"முகம் பாக்கவாங்க?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க, கால் பாக்க."

"காலையா?" என்று பக்கத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாய்யா, வெளிநாட்டுல கால்லயும் பவுடர் போடுவாங்க போல."

கண்ணாடியைத் தரையில் வைத்து, மாமி அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, தன் உள்ளங்காலைத் தானே பார்த்தார். "இவ்வளவு நாளா இதைத்தான் சுமந்துண்டு நடந்தேனா, இல்லை இது என்னையா?" என்றார். இரண்டு நாளைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை.

சித்திரை உற்சவம் தொடங்கியிருந்தது. நான் கிளம்புவதற்கு முந்தைய மாலையில், பெருமாள் எங்கள் வீதி வழியாக எழுந்தருள்வதாக இருந்தது. மாமி காலையிலிருந்தே கோலம் பற்றிக் கவலைப்பட்டார். அவர் நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான் போட்டேன். எதிர்வீட்டு மாமி வந்து, "இது எந்த ஊர்க் கோலம்?" என்று கேட்டார். "மலேசியா கோலம், போயேன்" என்றார் எங்கள் மாமி.

தூரத்தில் நாகஸ்வரம் கேட்டதும் மாமி எழுந்தார். வாசல் வரை செருப்போடு வந்தார். குனிந்து அதைக் கழற்றப் போனார். நான் தடுக்க வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த அழுத்தம் எனக்குத் தெரிந்தது.

நான் உள்ளே ஓடி, என் போர்வையை எடுத்து நான்காக மடித்து வாசல்படியில் போட்டேன். மாமி அதன் மேல் ஏறி, கட்டுப்போட்ட பாதத்தைப் பாரமில்லாமல் லேசாக ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீவட்டி வெளிச்சம் வந்தது. பெருமாள் வந்தார். எங்கள் வாசலுக்கு நேரே கொஞ்சம் நின்றார். ஆரத்தி எடுத்தார்கள். மாமி கைகூப்பவில்லை, ஒரு கை என் தோளில் இருந்தது. மற்றக் கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பல்லக்கு திரும்பிய பிறகு சொன்னார்: "நான் போகலேன்னா என்ன, அவர் வந்துட்டார். விட்ட நாளுக்கெல்லாம் சேத்து வந்துட்டார், பாத்தியா?" பிறகு, "போர்வையை நான் தோச்சு வைக்கறேன். நீ அடுத்த தரம் வரச்சே எடுத்துக்கோ" என்றார்.

இப்போதைய நிலை:

டெங்கு குழுவின் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. நான் நீண்டநாள் நோய்களின் பிரிவில், மக்களிடம் எதை எப்படிக் கேட்டு அளப்பது என்ற ஆய்வை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேராசிரியருக்கு முழுச் சம்மதமில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். திருச்சி ஆய்வு மூடப்படவில்லை.

மாமியின் புண் ஆறிவிட்டது. விரல் இருக்கிறது. உணர்ச்சி திரும்பவில்லை, திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெயில் ஏறுவதற்கு முன் கோவிலுக்குப் போய் வருகிறார். வந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்க்கிறார். கண்ணாடியில் தெரிவதைப் படமெடுத்து, 'பசியாறியாச்சா' என்று கீழே எழுதி எனக்கு அனுப்புகிறார்.

இன்றைய படம் வந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.